கலைச்செல்விக்குப் பச்சை, ஸ்டெல்லாவுக்குச் சிவப்பு

மளிகைக் கடை என்பது நின்றுகொண்டே செய்யும் தொழில் என்றுதான் இருபது வருஷமாக நினைத்திருந்தேன். அதை உட்கார்ந்துகொண்டும், ஒரு திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டும் செய்யலாம் என்று என் மகன் கற்றுக்கொடுத்த பிறகுதான் களைப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது.

கடை சேலையூர் கேம்ப் ரோட்டில். என் வீட்டுக்காரர் மளிகையாக ஆரம்பித்து, பிறகு டிபார்ட்மென்டல் ஸ்டோர் என்று போர்டு மாட்டினார். அவர் தவறிய பிறகு கடை என் பொறுப்புக்கு வந்தது. நான் எட்டாவது வரைதான் படித்தவள். மகளைக் கீழ்க்கட்டளையில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். மகன் பிரபு பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். பில் போட இரண்டு பெண்கள்: கலைச்செல்வி, ஸ்டெல்லா. இவர்கள்தான் இந்தக் கதைகளில் வருகிறவர்கள். கடை வைத்திருப்பவர்களுக்கும், படித்த பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

சந்தனம் வைக்கக் கூடாத இடம்

திரை கடைக்கு வந்த வருஷம் தாம்பரத்தில் ஏசி போட்ட பெரிய கடை ஒன்றைத் திறந்தார்கள். நம் வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் ஒரு நடை போய்ப் பார்த்தார்கள். பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் அங்கேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

பிரபு பதறிப் போனான். "அம்மா, அவங்களுக்கு எந்த நிமிஷம் எது விக்குதுன்னு தெரியும். நமக்கு?" என்றான். "எனக்குத் தெரியும்டா" என்றேன். "உனக்குத் தெரியும். எனக்குத் தெரியணும்" என்றான்.

இரண்டு பில் மெஷின் வந்தது. மூன்றாவதாக, கடைக்குப் பின்னால் நான் பெருமாள் படம் வைத்திருக்கும் சின்ன அறையில் ஒரு திரை. அதற்கு டேஷ்போர்டு என்று பெயர். முன்னால் பில் போடப் போட, அதில் கம்பு கம்பாகக் கோடுகள் வளரும். நன்றாக விற்றால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், விற்காவிட்டால் சிவப்பு. பெங்களூரில் உட்கார்ந்து பிரபுவும் அதையே பார்ப்பான். வீட்டுக்குப் புதுப் பொருள் வந்தால் செய்ய வேண்டியதைச் செய்யத்தானே வேண்டும்? சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு போனேன். மாட்ட வந்திருந்த பையன் கையைக் குறுக்கே நீட்டிக் கும்பிட்டான். "அம்மா, ஓரத்துல எங்க வேணா வெச்சுக்கங்க. ஸ்க்ரீன்ல மட்டும் வெக்காதீங்க, வாரன்டி போயிடும்."

முட்டை விழுந்த மாதம்

முதல் இரண்டு மாதம் நான் அந்தத் திரையைச் சாமி படத்தைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். ஒன்றும் புரியாது. ஆனால் பார்க்காமல் இருந்தால் மனசு உறுத்தும். சிவப்பு வந்தால் மட்டும் பக்கத்துப் பெருமாள் படத்துக்கு ஒரு கும்பிடு போடுவேன். ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பிரபுவிடமிருந்து போன். "அம்மா, முட்டை மொத்தமா விழுந்துடுச்சு!" நான் பயந்து போய் முட்டை அடுக்கிய இடத்துக்கு ஓடினேன். எல்லாம் அட்டையில் பத்திரமாக இருந்தது. "ஒண்ணும் விழலடா, ஒண்ணுகூட உடையல" என்றேன். "விற்பனை விழுந்துடுச்சும்மா. ஒரு வாரமா சிவப்பு. பெரிய கடையில விலை குறைச்சிருக்காங்களான்னு ஆள் விட்டுப் பாரு."

"பிரபு, இது என்ன மாசம்?" என்றேன். செப்டம்பர் என்றான். புரட்டாசிடா கண்ணா என்றேன். ஐந்து வருஷ பெங்களூரில் பிள்ளைக்குப் புரட்டாசி மறந்துவிட்டது. சனிக்கிழமை தவறாமல் அவனுக்காகவும் சேர்த்துத்தான் நான் விரதம் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரச் சனிக்கிழமை, நெற்றி நிறைய நாமத்தோடு எதிர்த்தெரு மின்வாரியக்காரர் வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஆறு முட்டை கேட்டார். ஸ்டெல்லா சிரிக்காமல் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். நான் அங்கே நிற்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். "டாக்டர் சொன்னாருக்கா. பெருமாளுக்கும் தெரியும். எங்க வீட்ல மட்டும் தெரிய வேணாம்."

பெயர் வந்தால் போதும்

எங்கள் கடையில் முதல் பில் கலைச்செல்விதான் போட வேண்டும். அது அவள் வேலைக்குச் சேர்ந்த நாளில் ஆரம்பித்தது. அன்றைக்கு அவள் கையால் போணி. பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை, சாயங்காலத்துக்குள் மூட்டை வெல்லம் தீர்ந்துவிட்டது. கைராசி. அன்றிலிருந்து மாற்றவில்லை. பில் புத்தகம் இருந்த காலத்தில் இதில் ஒரு கஷ்டமும் இல்லை. முதல் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

மெஷின் வேறு மாதிரி. காலையில் போட்டவுடன், பில் போடுவது யார் என்று கேட்கும். பெயரைத் தொட்டு நாலு எண் அழுத்த வேண்டும். இரண்டு மெஷினிலும் முதலில் கலைச்செல்வி பெயரைத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவளோ பாதி நாள் பஸ் கிடைக்காமல் தாமதமாக வருவாள். பக்கத்துத் தெருவில் ரிட்டையர் ஆன வாத்தியார் ஒருவர், தினமும் முதல் ஆளாக வந்து நிற்பவர், ஒரு தீப்பெட்டிக்குக் கால் கடுக்கக் காத்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆள் வராவிட்டாலும் பரவாயில்லை, கலைச்செல்வியின் எண்ணைப் போட்டு அவள் பெயரில் ஸ்டெல்லாவே முதல் பில்லைப் போடட்டும். ராசி பெயரிலும் கொஞ்சம் இருக்காதா?

மறுநாள் அப்படியே செய்தோம். வாத்தியார் தீப்பெட்டியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நடந்ததை விசாரித்தார். நான் பெருமையாகவே சொன்னேன். அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "ஆள் வரல, பேர் மட்டும் வந்துடுச்சா? எங்க ஸ்கூல்ல இப்படி ஆஜர் சொன்னா ரெண்டு பேருக்கும் அடி விழும்மா."

கரண்ட் போன மத்தியானம்

அந்த வருஷங்களில் கரண்ட் போவதைப் பற்றிப் புறநகர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். யுபிஎஸ் அரை மணி தாங்கும். ஒரு நாள் டிரான்ஸ்பார்மரே வெடித்து மூன்று மணி நேரம் போய்விட்டது. மெஷின் எல்லாம் அணைந்தது. வீட்டுக்குள் புழுங்கிய ஜனம் முழுக்கத் தெருவுக்கு வந்து, வந்ததற்கு ஏதாவது வாங்குவோம் என்று கடைக்குள் வந்துவிட்டது. ஸ்டெல்லா பரணிலிருந்து பழைய பில் புத்தகத்தைத் தட்டி எடுத்தாள். எந்தச் சாமானுக்கும் விலை பார்க்கவில்லை, எல்லாம் மனப்பாடம். கேட்கக் கேட்க எழுதிக் கிழித்துக்கொண்டே இருந்தாள். கலைச்செல்வி எடுத்துக் கொடுக்கவே திணறினாள்.

அந்த நேரம் பார்த்துப் பிரபு. "ரெண்டு மணி நேரமா ஜீரோ காட்டுது. கடையை மூடிட்டியா? உடம்பு கிடம்பு சரியில்லையா?" மூச்சு விட நேரமில்லடா என்று சொல்லி வைத்துவிட்டேன். கரண்ட் வந்த பிறகு மெஷினைத் திரும்பப் போட்டோம். எழுதிய சீட்டுகளை அடுத்த நாள் கலைச்செல்வி உட்கார்ந்து மெஷினில் ஏற்றினாள், ஸ்டெல்லாவின் கவுன்டரில் ஆள் குறையவில்லை என்பதால்.

அந்த நெரிசலிலும் நான் பழக்க தோஷத்தில் பின்னறைக்குப் போய் அணைந்த திரையின் முன்னால் நின்றிருக்கிறேன். கதவு திறந்து கிடந்தது. கேம்ப் ரோட்டு முனையில் மீன் விற்றுவிட்டுக் கோவளம் பக்கம் திரும்பிப் போகிற கன்னியம்மா, காலிக் கூடையோடு நின்று கத்தினாள். "இன்னாமா, அந்தப் பொட்டிதான் செத்துப் போய்க் கீதே, அதப் பாத்துகினு நிக்கிற? அரிசியப் போடு, எனுக்கு பஸ்ஸு பூடும்."

சிவப்பு ஸ்டெல்லா

அடுத்த தை மாதம் பிரபு திரையில் புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தான். பில் போடுகிறவர்களில் யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று காட்டும் பக்கம். கலைச்செல்விக்குப் பச்சையில் தென்னை மரம் மாதிரி ஒரு கோடு. ஸ்டெல்லாவுக்குச் சிவப்பில், அகல்விளக்குத் திரி மாதிரி. ஒரு வாரமில்லை, மூன்று மாதத்துக்கும் அப்படித்தான் இருந்தது.

"அம்மா, பெரிய கடை வந்த பிறகு ரெண்டு பேரை வெச்சுக் கட்டுப்படியாகல. ஒருத்தரை நிறுத்தித்தான் ஆகணும். யாருன்னு ஸ்க்ரீனே சொல்லுது" என்றான். ஸ்டெல்லா ஏழு வருஷமாக வருகிறாள்டா, புருஷன் இல்லாதவள், பெண்ணை நர்ஸிங் படிக்க வைக்கிறாள், நல்லவள் என்றேன். அவனும் கல் நெஞ்சுக்காரன் இல்லை. தயங்கித்தான் சொன்னான். "நல்லவங்கதாம்மா. அதுக்கு அந்த ஸ்க்ரீன்ல கட்டம் இல்லையே."

அவள் கவுன்டரில் வரிசை நிற்பதை நான் தினமும் பார்க்கிறவள். ஆனால் எட்டாவது படித்த கண் தப்பாகப் பார்க்கலாம், அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் தப்பாகவா பார்க்கும்? சனிக்கிழமை காலை எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துச் சிங்கப்பெருமாள் கோவில் போனேன். மலையைச் சுற்றி வந்து, நரசிம்மா, அவளிடம் இதைச் சொல்ல எனக்கு வாயைக் கொடு என்று வேண்டினேன். வாயைக் கேட்டேன். கண்ணைக் கேட்டிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை அவளைப் பின்னறைக்குக் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் அழவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சரிம்மா. மாசக் கடைசி வரைக்கும் வரட்டுமா, இல்ல நாளையிலேருந்தே நின்னுடணுமா?"

திண்டிவனத்தில் இருந்தவள்

மாதக் கடைசி வரை வரச் சொன்னேன். அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் எப்போதும்போல வந்தாள், எப்போதும்போல பில் போட்டாள். நடுவில் ஒரு நாள் அரை நாள் லீவு கேட்டு, தாம்பரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை கேட்டுவிட்டு வந்தாள். ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவளே சொன்னாள். நல்லதும்மா என்றேன். வேறு என்ன சொல்வது?

மாதக் கடைசிக்கு முந்தின வியாழக்கிழமை கலைச்செல்வி தங்கை வளைகாப்புக்குத் திண்டிவனம் போய்விட்டாள். கடையில் ஸ்டெல்லா மட்டும். பதினொரு மணிக்கு நான் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டுத் திரும்பினால், திரையில் கலைச்செல்வியின் பச்சைக் கோடு வளர்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இன்னும் கொஞ்சம் வளர்ந்தது. ஸ்டெல்லாவின் கோடு அசையவே இல்லை. உடனே கலைச்செல்விக்குப் போன் போட்டேன். "எங்கடி இருக்க?" பின்னால் நாதஸ்வர கேசட் கேட்டது. "திண்டிவனத்துலம்மா. வளையல் அடுக்கிகினு இருக்கேன், ஏம்மா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கவுன்டருக்குப் போனேன். அப்போதுதான் வெளியே வந்த பில்லை வாங்கிப் பார்த்தேன். அடியில் பொடி இங்கிலீஷ் எழுத்து. கூட்டிக் கூட்டிப் படித்தேன். கலைச்செல்வி என்று இருந்தது. இத்தனை மாதமாக எல்லா பில்லின் அடியிலும் அது இருந்திருக்கிறது. நான்தான் கண்ணாடி போட்டுப் பார்க்கவில்லை. ஸ்டெல்லா, இது ஏன் அவள் பெயரில் வருகிறது என்றேன். அவள் பருப்புப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னை விநோதமாகப் பார்த்தாள். "நீங்கதானேம்மா அது பேர்ல ஆரம்பிக்கச் சொன்னீங்க? நடுவுல மாத்தணும்னா மூடித் தெறக்கணும், அதுக்குள்ள வரிசையில சத்தம் போடறாங்க. கரண்ட் போயி மெஷின் நின்னா மட்டும் என் பேரப் போட்டுப்பேன். எந்தப் பேர்ல அடிச்சா இன்னாம்மா, கடை ஒண்ணுதானே?"

ஒன்றாம் தேதி

பிரபுவுக்குப் போன் போட்டு முழுவதையும் சொன்னேன். தப்பு அவள்மேல் இல்லை, மெஷின்மேலும் இல்லை, என்மேல் என்றேன். "அப்ப மூணு மாசமா நான் பச்சையா பார்த்தது என்னதும்மா?" என்றான். "பாதி ஸ்டெல்லாவோட கை. மீதி கலைச்செல்வி. ஒருத்தியை நிறுத்தினா கடையில பாதி நிக்கும்" என்றேன். போனை ஸ்டெல்லாக்காவிடம் கொடு என்றான். அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அவள் "பரவால்ல தம்பி" என்று மூன்று தடவை சொன்னது மட்டும் கேட்டது.

நானும் மன்னிப்புக் கேட்டேன், இங்கேயே இரு என்றேன். "அங்க வர்றேன்னு சொல்லிட்டேனேம்மா, யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். நியாயம்தானே. பிறகு மாதக் கடைசி வரை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று பட்டது. பெருமாளிடம்கூட அவளை இங்கேயே இருக்கவை என்று வேண்டவில்லை. அவளுக்கு எது நல்லதோ அதைச் செய் என்று மட்டும் சொன்னேன். அப்படி வேண்டுவது கஷ்டம். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒன்றாம் தேதி காலை ஷட்டரைத் தூக்கினோம். வாத்தியார் வந்து நின்றார். அதிசயமாகக் கலைச்செல்வி நேரத்துக்கு வந்துவிட்டாள். இரண்டாவது கவுன்டர் காலி. ஏழே முக்காலுக்கு மாடம்பாக்கம் பஸ் நின்றது. ஸ்டெல்லா இறங்கி, ரோட்டைத் தாண்டி, எப்போதும் மாட்டுகிற ஆணியில் பையை மாட்டினாள். இன்றைக்கு முதல் பில் நீ போடு, உன் பெயரில் போடு என்றேன். "போடுக்கா, இந்த ராசியச் சுமந்து சுமந்து எனுக்குத் தோளு வலிக்குது" என்றாள் கலைச்செல்வி. வாத்தியார் தீப்பெட்டியை நீட்டினார். ஸ்டெல்லா தன் நாலு எண்ணை அழுத்தினாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். என் பக்கம் திரும்பினாள். "போட்டுட்டேம்மா. வியாபாரம் ஆகலன்னா சாமியக் கேளுங்க, என்னக் கேக்காதீங்க."

அன்றைக்கு வெல்லமும் தீரவில்லை, வேறெதுவும் தீரவில்லை. சாயங்காலம் டீ குடிக்கிற நேரத்தில் அவளைப் பின்னறைக்குக் கூப்பிட்டு, முதல் தடவையாக அந்தத் திரையைக் காட்டினேன். ஏழு வருஷம் வேலை செய்தவளை மாதக் கடைசியோடு அனுப்பப் பார்த்தது இதுதான் என்று சொல்லவில்லை, அவளுக்கே தெரிந்தது. அவள் பெயருக்கு எதிரே பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அவள் சொன்னாள். "மஞ்சளா? மங்களகரமா இருக்குதுன்னு விட்டுடுங்கம்மா."

கடையைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு முட்டி மட்டும்தான் வலித்தது, திரையில் பார்க்க ஆரம்பித்த பிறகு மனசும் சேர்ந்து வலிக்கிறது, இதற்கு என் பிள்ளை வைத்திருக்கும் பெயர் வசதி.